மங்கலாகத் தெரிந்த மாமனார்

அந்தத் தெருவில் "எடிட்டர் வீடு எது?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "சுத்துது வீடு எது?" என்று கேட்க வேண்டும். கல்யாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ, பள்ளிக்கூட ஆண்டுவிழா வீடியோ என்று எதைக் கேட்டு யார் வந்தாலும், முன்னறையில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்பாமலே, "கொஞ்சம் பொறுங்க, சுத்துது" என்பார். பொய்யில்லை. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சண்டை போட வந்தவரும் பின்னால் நின்று அதையே பார்க்க ஆரம்பிப்பார். சுற்றுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு யாராலும் வெகுநேரம் கோபமாக இருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில், "சரி, முடிஞ்சதும் சொல்லுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வட்டம் எடிட்டருக்குப் பெரிய துணையாக இருந்தது. வீடியோ தாமதமானால் லேப்டாப் காரணம். பாட்டு பொருந்தவில்லையா, லேப்டாப். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு காட்சியிலும் தலைகாட்டவில்லையா, அதற்கும் எப்படியோ லேப்டாப்தான் காரணம். பிறவியிலேயே பயந்த சுபாவம் உள்ளவருக்கு, பழியைத் தூக்கிப் போட மேஜை மேலேயே ஓர் இடம் கிடைப்பது சாதாரண விஷயமா?

வட்டத்துக்கு மயங்காத ஆள் ஒருவர் உண்டு. அவருடைய மாமனார். ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் யார் உட்கார்ந்தாலும் ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொல்லப்போகிறவர்போலப் பார்ப்பார். இந்த வயதிலும் கண்ணாடி கிடையாது. தெருமுனையில் திரும்பும் வண்டியின் நம்பரை வாசலில் நின்றபடி படித்துச் சொல்வார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "மாப்ள, இதெல்லாம் ஒரு வேலைன்னு சொல்றீங்க. அப்ப முடியணும்ல?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வி எடிட்டரின் வயிற்றில் இன்னும் செரிக்காமல் கிடக்கிறது.

அந்த மாமனார்தான், இளைய மகள் கல்யாணம் நிச்சயமானதும் வீடு தேடி வந்து, "வீடியோவை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எடிட்டர் தூங்கியிருப்பார். நம்பிவிட்டாரே!

"லேப்டாப்ப மாத்திருவோம்" என்றார் மனைவியிடம்.

"மொதல்ல மூஞ்சிய மாத்துங்க. கல்யாணம் எனக்கில்ல, என் தங்கச்சிக்கு. நீங்க ஏன் பரீட்சைக்குப் போற மாதிரி உக்காந்திருக்கீங்க?"

மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவன். புது லேப்டாப், உள்ளங்கையளவு எஸ்எஸ்டி, செங்கல் மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினான்.

"மச்சான், உங்க பழைய லேப்டாப் மேல தப்பே இல்ல. சாஃப்ட்வேரும் அதுல, வீடியோவும் அதுல, அக்கா சீரியல் பாக்குறதும் அதுல. எத்தனைய சுமக்கும்?"

"என்னை எதுக்குடா நடுவுல இழுக்குற?" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"நல்லா கேட்டுக்குங்க மச்சான். லேப்டாப்புக்குள்ள இருக்குற இடம் சாஃப்ட்வேருக்கு மட்டும். இந்தக் குட்டி எஸ்எஸ்டி நீங்க வேலை செய்யுற மேஜை. பெரிய ஹார்ட் டிஸ்க் குடோன். சரக்கு பூரா குடோன்ல இருக்கணும். ஆனா குடோனுக்குள்ள உக்காந்து வேலை செய்யக் கூடாது, அது மெதுவாத்தான் எடுத்துக் குடுக்கும்."

"சரி."

"அடுத்தது ப்ராக்ஸி. கேமராவுல வர்ற ஃபைல் யானை. அத அப்படியே இழுத்து வெட்டுனா எந்த லேப்டாப்பும் மூச்சு வாங்கும். அதனால சாஃப்ட்வேரே ஒவ்வொரு யானைக்கும் எலி மாதிரி ஒரு சின்ன நகல் எடுத்து எஸ்எஸ்டில வச்சுக்கும். அதுதான் ப்ராக்ஸி. நீங்க எலிய வச்சே வெட்டுங்க, ஒட்டுங்க. பாக்குறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். கடைசில முழுப் படமா வெளிய எடுக்க எக்ஸ்போர்ட் அடிச்சீங்கன்னா, அதுவே குடோனுக்குப் போய் யானையக் கூட்டிட்டு வந்துரும்."

"சரி."

"குடோனுக்கும் இன்னொரு காப்பி தனியா எடுத்து வைங்க."

"சரி."

எடிட்டரின் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். புரிந்தது என்று அர்த்தமில்லை. பேச்சு சீக்கிரம் முடியட்டும் என்று அர்த்தம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. படம் பிடித்தவர் எடிட்டரோடு வெகுகாலமாகச் சேர்ந்து வேலை செய்யும் கேமராக்காரர். இருவருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. கேமராவின் மெமரி கார்டுகளில் இருப்பதையெல்லாம் காப்பி எடுத்து முடித்ததும் எடிட்டர் போனில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவார். கட்டைவிரல் வந்த பிறகுதான் கேமராக்காரர் கார்டில் இருப்பதைத் துடைத்து அழிப்பார். கட்டைவிரல் போகாமல் ஒரு கார்டும் துடைக்கப்பட்டதில்லை. இந்த ஒழுங்கில் இருவருக்கும் பெருமை. எடிட்டர் எல்லாக் கார்டுகளையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினார். மனைவி அவசரப்படுத்தியதால், பெண்ணை வழியனுப்புகிற கார்டை முதலில் ஏற்றினார். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கார் கிளம்பப்போகிறது. எல்லோரும் ஜன்னல் பக்கம் முண்டியடிக்கிறார்கள். மாமனார் மட்டும் காரின் பின்பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு கை கார் கூரை மேல். கேமராக்காரர் தூரத்தில் நின்று, பெரிய லென்ஸ் போட்டுப் பிடித்திருக்கிறார். மாமனார் திரும்புகிறார். முகம் மொத்தமும் கண்ணீர்.

மனைவி அந்த இடத்தை மறுபடி ஓட விட்டாள். பிறகு, "என் கல்யாணத்துல டயர்ல காத்து இருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டு இருந்தாரு" என்றாள்.

இதை விட்டால் படமே இல்லை என்று எடிட்டருக்குத் தெரிந்தது. கட்டைவிரலை அனுப்பினார். கேமராக்காரர் கார்டுகளைத் துடைத்தார்.

புது ஏற்பாட்டில் வேலை வழுக்கிக்கொண்டு போனது. வெட்டினால் வெட்டியது, ஒட்டினால் ஒட்டியது. வட்டம் வரவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எடிட்டருக்கு வேர்த்தது. ஏதோ ஒன்று கெட்டுப் போயிருந்தால் தவிர இவ்வளவு நன்றாக ஓடாதே? லேப்டாப்பின் அடியில் கை வைத்துச் சூட்டைப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. ஒயரை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் ஹார்ட் டிஸ்க்கையே பிடுங்கிப் பார்த்தார். படம் நிற்கவில்லை, அப்படியே ஓடியது. செருகினார், ஓடியது. மறுபடி பிடுங்கினார், ஓடியது.

எந்த ஊரிலும் ஓர் எடிட்டர் மட்டுமே செய்யக்கூடிய தவறு இங்கேதான் பிறந்தது. செங்கல் இல்லாமலே எல்லாம் ஓடுகிறது. ஆகவே எல்லாம் எஸ்எஸ்டிக்கு வந்துவிட்டது. ஆகவே செங்கலில் இருப்பது வெறும் இரண்டாவது காப்பி. மைத்துனன் ஒரு காப்பி கூடுதலாக எடுத்து வைக்கச் சொன்னானே, அது தானாகவே நடந்திருக்கிறது! எலியைப் பார்த்துக்கொண்டு, யானை வீட்டுக்குள் நிற்பதாக நினைத்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் கவலை விட்டது அவருக்கு.

அந்த நேரம் பார்த்துக் கேமராக்காரர் போன் செய்தார். "அண்ணே, எங்கிட்ட இருக்குற டிஸ்க் எல்லாம் ரொம்பிருச்சு. நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்கு. சும்மா கெடக்குற டிஸ்க் ஒண்ணு இருந்தா குடுங்களேன்."

"வந்து எடுத்துக்கப்பா. தொடச்சுட்டே போட்டுக்க." அன்று ராத்திரியே செங்கல் கேமராக்காரரின் பைக்குள் போனது.

மறுநாள் காலை எடிட்டர் படத்தை முடித்து, எக்ஸ்போர்ட்டை அழுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடிப் படம் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு இன்னும் நாள் இருந்தது. நிம்மதியாக டீயைக் கையில் எடுத்தார். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது: மூலக் கோப்புகளைக் காணவில்லை. கீழே கோப்புகளின் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக, இறங்கிக்கொண்டே போயின.

யானை எப்போதும் குடோனில் இருக்கும் என்று மைத்துனன் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. சொல்லி வெகுநாளாகியிருந்தது.

கேமராக்காரருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் கேமராக்காரர்களின் போன் பைக்குள் கிடக்கும் என்பது இவருக்குத் தெரியாததா? தெரிந்தும் விடாமல் அடித்தார். பிறகு மைத்துனனுக்கு அடித்தார்.

"மச்சான், தொடச்சிருந்தாலும் பரவால்ல, எடுத்துரலாம். ஆனா அது மேல புதுசா எதுவும் எழுதிரக் கூடாது. எழுதுனா அந்த எடம் போச்சு. ஓடுங்க!"

எடிட்டர் ஸ்கூட்டரை எடுத்தார். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றிலும் நின்று, ஒவ்வொன்றிலும் கேமராக்காரர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று கற்பனை செய்தார். இப்போது கார்டு நிரம்பியிருக்கும். இப்போது மடிக்கணினியைத் திறந்திருப்பார். இப்போது ஒயரைச் செருகியிருப்பார். பச்சை விழுந்தும் கிளம்பாமல் நின்றதற்குப் பின்னாலிருந்த லாரிக்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மண்டபத்தில் கேமராக்காரர் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் செங்கல். அதில் ஒரு சின்ன விளக்கு மினுக்மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எடிட்டர் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார்.

"அய்யய்யோ! அண்ணே, காப்பி ஓடிட்டு இருக்கு!"

"எவ்ளோ ஓடிச்சு?"

"ஒரு கார்டு முடிஞ்சிருச்சு. ரெண்டாவது இப்பத்தான் ஆரம்பிச்சேன். என்னண்ணே ஆச்சு? நீங்க கட்டைவிரல் போட்டீங்களே!"

எடிட்டர் தன் கையை முகத்துக்கு நேரே தூக்கினார். அந்த விரலைப் பார்த்தார். அதைக் கையிலிருந்து கழற்றி வைக்க வழியிருந்தால் வைத்திருப்பார்.

கடையின் பின்னறையில் மைத்துனன் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, தொலைந்ததைத் தேடும் மென்பொருளை ஓட விட்டான். கோடு மெல்ல நகர்ந்தது. எடிட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணெடுக்காம பாத்தா மட்டும் வேகமாப் போவாது மச்சான்" என்றான் மைத்துனன். ஒவ்வொன்றாக யானைகள் திரும்பி வந்தன. மேடை வந்தது. வரவேற்பு வந்தது. சொந்தக்காரர்களின் நடனம், யாருக்கும் தேவையில்லை என்றாலும், ஒரு துளி குறையாமல் வந்தது. ஒரே ஒரு கார்டு மட்டும் வரவில்லை. டிஸ்க்கில் முதலில் ஏற்றியது எதுவோ, அதன் மேல்தான் கேமராக்காரரின் புதுக் கல்யாணம் ஏறி உட்கார்ந்திருந்தது. வழியனுப்பும் கார்டு.

"ப்ராக்ஸி இருக்குல்ல? அத வச்சு ஒப்பேத்துங்க" என்றான் மைத்துனன், திரும்பி வந்தவற்றை வேறொரு டிஸ்க்கில் ஏற்றி மேஜை ஓரத்தில் வைத்தபடி. "லேப்டாப்ல பாத்தா தெரியாது. பெரிய டிவில கொஞ்சம் மங்கலா இருக்கும். அவ்ளோதான்."

அவ்வளவுதானா? படம் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஓடி, மாமனார் திரும்புகிற இடத்தில் மட்டும் ஆவி படிந்ததுபோல் ஆகும். தெருமுனை நம்பர் பிளேட்டைப் படிக்கிறவர் அதைப் பார்க்க மாட்டாரா?

"முன்னாடியே மாமாகிட்ட சொல்லிரட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கேட்டா சொல்லுங்க. கேக்காம நீங்களா ஏன் வாயக் குடுக்கறீங்க?"

எடிட்டருக்குப் பிடித்த மாதிரி யோசனை சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. எடிட்டர் சுவரோரம் நின்றுகொண்டார். படம் ஓடியது. சிரித்தார்கள், "ஐயோ என்னையா காட்டுறது" என்று முகத்தை மூடிக்கொண்டார்கள். வழியனுப்பும் இடம் வந்தது. எடிட்டர் தரையைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. தலையை மெல்லத் தூக்கினார். கூடமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கல்யாணப் பெண் விசும்பினாள். எல்லோருடைய கண்ணிலும் தண்ணீர். யாருக்கு எது தெளிவாகத் தெரியும்? எடிட்டருக்கு உயிர் வந்தது.

அங்கே அழாமல் பார்த்தவர் ஒருவர்தான். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமனார். அதனால் மங்கலாகத் தெரிந்ததும் அவர் ஒருவருக்குத்தான். அவர் கண்ணைக் கசக்கினார். மறுபடி பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் உருகிக்கொண்டிருந்தார். மாமனார் படம் முடிந்ததும் எழுந்து, வாசலில் போய் நின்று, தெருமுனையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சுப் போச்சு போல, அப்பா வாயே திறக்கல" என்று மனைவி காதில் சொன்னாள்.

இரண்டொரு நாள் கழித்து அவள் போனை வைத்துவிட்டு வந்த முகம் வேறு மாதிரி இருந்தது. "என்னங்க, அப்பா வண்டிச் சாவியத் தம்பிகிட்ட குடுத்துட்டாராம். இனிமே ஓட்ட மாட்டாராம்."

"ஏன்?"

"கண்ணு போயிருச்சாம். 'கண்ணு செரியில்லாதவன் எத்தன பேர ஃபெயில் பண்ணி அனுப்பியிருக்கேன், எனக்கு ஒரு நியாயமா'ன்னு கேட்டாராம். தாத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதுன்னு சாப்பிடாம உக்காந்திருக்காராம். கண் டாக்டருக்கு டோக்கன் போட்டாச்சாம். உங்களத்தான் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு."

எடிட்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அவருக்குப் பழக்கமானது. அதோடு குடும்பம் நடத்தத் தெரியும். மாட்டிக்கொள்ளாமலே போய்விடுவோம் என்ற பயம் புதிது. ஒரு மனிதர் தன் கண்ணையே குற்றம் சொல்லிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார், இவருடைய எலியால்.

"நீங்க கேட்டா சொல்லச் சொன்னீங்கள்ல? அவர் கேக்கவே மாட்டாரு" என்றார் மனைவியிடம்.

"அதுக்கு என்னை ஏன் 'நீங்க'ங்கறீங்க?" என்றாள் அவள். பயம் முற்றினால் வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் மரியாதை கூடிவிடும் அவருக்கு.

மாமனார் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். முகம் வாடியிருந்தது. எடிட்டர் ஸ்கூட்டரை நிறுத்தினார், இறங்கினார், ஸ்டாண்ட் போட மறந்து, சாயப்போன வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, உங்க கண்ணு நல்லா இருக்கு."

"அத டாக்டர் சொல்லட்டும் மாப்ள."

"இல்ல மாமா. படந்தான் மங்கல். அந்த இடம் மட்டும். ஒரிஜினல் அழிஞ்சிருச்சு. நான்தான் டிஸ்க்க எடுத்துக் குடுத்தேன், தொடச்சுக்கன்னும் நான்தான் சொன்னேன். அந்தச் சின்னக் காப்பிய வச்சு ஒட்டிட்டேன். லேப்டாப் மேல தப்பே இல்ல. அது நல்லாத்தான் ஓடுது."

மாமனார் அவரையே பார்த்தார். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. அதன் நம்பரை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். தோள்கள் மெல்ல இறங்கின.

"அப்ப அந்த இடம் இனிமே தெளிவா வராதா?"

"வராது மாமா."

"நான் அழுதது."

"ஆமா மாமா."

"நல்லதாப் போச்சு" என்றார் மாமனார். சந்தோஷத்தில் சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று எடிட்டர் இன்றுவரை மனைவியிடம் விவாதித்துக்கொண்டிருக்கிறார். பிறகு அவர் உள்ளே திரும்பி, "டேய், என் வண்டிச் சாவியக் குடு" என்று குரல் கொடுத்தார்.

"அப்ப டாக்டர்கிட்ட போக வேணாமே மாமா."

"டோக்கன் போட்டாச்சே, வீணாக்குறதா? நீங்க வாங்க. உங்க கண்ணக் காட்டுங்க. எலி எது, யானை எதுன்னு தெரியாமத்தான இவ்வளவும் ஆச்சு?" எலிக் கதையை மைத்துனன் ஏற்கெனவே உளறியிருந்தான். படம் மங்கல் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவன் வீட்டில் சொல்லியிருந்தான் என்பது அப்போதுதான் எடிட்டருக்குத் தெரிந்தது.

டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். எடிட்டர் மேல் வரியைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். மூன்றாவதில் தயங்கினார். நான்காவதை யோசித்துச் சொன்னார். பின்னால் நின்ற மாமனார், உத்தியோகத்தில் இருந்த காலத்துக் குரலில், "ஃபெயில்" என்றார். டாக்டரும் மறுக்கவில்லை. கண்ணாடி போட வேண்டும், போடும்வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டரை மாமனார் ஓட்டினார். வளைவுகளில் கைகாட்டி, முறைப்படி, ஒவ்வொரு கண்ணாடியையும் பார்த்து, சந்தோஷமாக ஓட்டினார். எடிட்டர் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி பயப்பட ஒன்றும் இல்லை. அது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

"மிச்சப் படமெல்லாம் பத்திரமா இருக்குல்ல மாப்ள?" என்று மாமனார் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"இருக்கு மாமா. தனி டிஸ்க்ல ஏத்தியாச்சு."

"எத்தன எடத்துல?"

"ஒண்ணுல."

"அது எங்க இருக்கு?"

எடிட்டர் நினைவுபடுத்திப் பார்த்தார். கடையின் பின்னறை, மேஜை ஓரம். மேலே பெயர் எழுதி ஒட்டவில்லை. பக்கத்தில், வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த டிஸ்க்குகளைத் துடைப்பதற்காக மைத்துனன் அடுக்கி வைத்திருப்பான். இதே நிறம், இதே செங்கல்.

"மாமா," என்றார், சீட்டிலிருந்த கையை எடுத்து மாமனாரின் தோளைப் பற்றிக்கொண்டு, "அடுத்த வளைவுல கடைப் பக்கம் திருப்புங்க. கொஞ்சம் வேகமா."